இருபத்து நான்கு மூடிகள்

"ஏய் ஊதுகுழல், உன் பொண்டாட்டி திங்கட்கிழமை வீட்டுக்குக் கிளம்பறா. முதல்ல எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடு, அப்புறம் எப்படின்னு கேளு."

மெஷின் அக்கா கதவருகே நின்று இதைச் சொன்னபோது நான் சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு கண்ணாடிக் குழாய் பாதி வளைந்த நிலையில் இருந்தது. சுழற்றுவதை நிறுத்திவிட்டேன். அது தன் இஷ்டத்துக்குத் தொங்கி யானைத் தும்பிக்கை மாதிரி ஆகிவிட்டது.

"விளையாடாதீங்கக்கா."

"உன்கிட்ட விளையாட நான் என்ன உன் மச்சினியா? மேல வந்து பாரு."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை கண்ணாடி ஊதுவது. கடல் தண்ணீர் பிடிக்கிற பாட்டில்கள், அவற்றின் குழாய்கள், மூடிகள் எல்லாம் என் கைவேலை. அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அக்கா மூன்றாவது மாடியில் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற இயந்திரத்தை ஓட்டுகிறவள். என் மனைவிக்குக் கடலில் வேலை. கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகிறது. அதில் ஐந்து மாதமாக அவள் கப்பலில் இருக்கிறாள். மிச்சம் நான்கு மாதம்தான் நாங்கள் குடும்பம் நடத்தியது.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினேன். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா போப்பா, கப்பல் ஒண்ணும் படிக்கட்டுல வரல" என்றாள்.

திரையில் எண்கள் நின்றன. துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பது புரிய, எங்கள் பிழைப்பு என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடி கோடியாக மிதக்கின்றன. வெயில் பட்டதும் அவை தங்களுக்குச் சமைத்துக்கொள்கின்றன. சமைக்கும்போது ஆக்ஸிஜனை வெளியே விடுகின்றன. உலகத்தில் நடக்கிற இந்தச் சமையலில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது. எங்கே, எவ்வளவு என்று அளப்பதுதான் எங்கள் வேலை.

அளக்க உதவுவது ஆக்ஸிஜனின் எடை. பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று அதில் மூன்று எடைகள் உண்டு. காற்றிலிருந்து கடலுக்குள் இறங்கிய ஆக்ஸிஜனில் இந்த மூன்றும் ஒரு கணக்கில் கலந்திருக்கும். பாசி புதிதாகச் செய்ததில் வேறு கணக்கு. வித்தியாசம் மயிரிழைதான். அந்த மயிரிழையை அக்காவின் இயந்திரம் பிடித்துவிடும்.

பாட்டில்கள் இரண்டு வகை. ஒன்றை நாங்கள் 'ஞாபக பாட்டில்' என்போம். உள்ளே இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, துளி பாதரச உப்பை வைத்து அனுப்புவோம். அது விஷம். கடல் தண்ணீர் உள்ளே போன நொடியே அதிலுள்ள உயிரெல்லாம் அடங்கிவிடும். கரைந்திருந்த ஆக்ஸிஜன் மட்டும் அப்படியே நிற்கும். கடந்த இரண்டு மூன்று வாரம் கடல் என்ன சமைத்தது என்பது அதில் பதிந்திருக்கும்.

இன்னொன்று 'நாள் பாட்டில்'. இதில் விஷம் துளிகூடப் படக்கூடாது. கடல் தண்ணீரோடு, பதினெட்டு எடையுள்ள ஆக்ஸிஜனால் ஆன தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, மூடி போட்டு, எந்த ஆழத்தில் எடுத்தார்களோ அங்கேயே ஒரு பகல் முழுக்கத் தொங்கவிடுவார்கள். பாசி தண்ணீரை உடைத்துத்தான் ஆக்ஸிஜனை விடும். சாயங்காலம் அந்த பாட்டிலில் கனமான ஆக்ஸிஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அது அன்றைய ஒரு நாள் சமையல். அந்தத் தண்ணீரை வேறு பாட்டிலுக்கு மாற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டு, நாள் பாட்டிலையும் அதன் மூடியையும் அடுத்த இடத்துக்காகக் கப்பலிலேயே வைத்துக்கொள்வார்கள்.

தலைவர் திரையைத் தட்டிக் காட்டினார். "ஞாபக பாட்டில் என்ன சொல்லுது? போன மூணு வாரமா கடல்ல கல்யாணச் சமையல். நாள் பாட்டில் என்ன சொல்லுது? இன்னிக்கு அதுல மூணுல ஒரு பங்குதான். அப்படின்னா பாசி ஓய்ஞ்சுபோச்சு. பார்க்கப் பச்சையாத்தான் இருக்கும். கடை திறந்திருக்கும், வியாபாரம் இருக்காது. இனிமே அங்க நின்னு பிரயோஜனம் இல்ல."

கப்பல் முதல் சுற்றை முடித்துவிட்டு ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பாட்டில்களை மட்டும் விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். பாசி இன்னும் பொங்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது சுற்று, நாற்பது நாள். அடங்கிவிட்டிருந்தால் திங்கட்கிழமை வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். நாங்கள் எண்ணைச் சொன்னால்தான் கப்பல் எந்தப் பக்கம் திரும்புவது என்பதே முடிவாகும்.

"கடைசி மூணு இடத்தோட பாட்டில்தான் இப்ப ஓட்டியிருக்கேன் சார்" என்றாள் அக்கா. "பழைய இடங்கள் பாக்கி இருக்கு."

"அதை மெதுவா ஓட்டுங்க. கப்பலைத் திருப்ப இது போதும்" என்று எழுந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா, வாயை மூடு. ஈ போயிடப்போகுது."

அன்று நான் அக்காவுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் அத்தை இருந்தார். என் மனைவியின் அம்மா. முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. "பயணிகள் கவனத்துக்கு, மாப்பிள்ளை குளிக்கப் போய் அரை மணி நேரம் ஆகிறது" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வார். மகள் கப்பல் ஏறிய பிறகு துணைக்கு என்று வந்தவர். துணை எனக்கா அவருக்கா என்பதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"நான் பொண்ணை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தேனா, கப்பலுக்குக் கட்டிக்கொடுத்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு மாப்பிள்ளை." வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லிவிடுவார்.

அன்று செய்தியைச் சொன்னதும் நேராகப் போய் முக்காலியை எடுத்துப் போட்டு ஏறி, ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார்.

"அத்தை, என்ன பண்றீங்க? விழுந்துடப்போறீங்க."

"அஞ்சு மாசத் தூசி. அவ வந்து பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் துவைச்சுடுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் அவள் துவைக்கிற ஆள் இல்லை. ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாதவள். சீப்பு ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடி செருப்பு அலமாரியில் கிடைக்கும். பாதி குடித்த டீக் கோப்பைகள் வீடு முழுக்க முளைத்திருக்கும். அவள் போன பிறகு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் எழுந்து தேட ஒன்றுமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த பாட்டில்கள் வந்திறங்கிய அன்று நான் செய்த காரியத்தை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தேதி, ஆழம், நேரம். "பத்து மீட்டர், காலை ஐந்து நாற்பது." "முப்பது மீட்டர், ஆறு பத்து, அலை அதிகம்." ஒரு சீட்டில் மை கரைந்திருந்தது; ஈரக் கையால் எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். காலை ஐந்து நாற்பதுக்கு நான் போர்வைக்குள் இருந்திருப்பேன். அவள் அப்போது என் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காதல் கடிதத்தைக்கூட எவரும் இவ்வளவு நேரம் படித்திருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை போன் வந்தது. கப்பலில் ஒரே ஒரு போன். ஆளுக்கு நான்கு நிமிடம். பின்னால் வரிசை நிற்கும்.

"ஹலோ, கேக்குதுங்களா?"

வேலை இடத்தில் அவள் என்னை 'நீங்க' என்பாள். வீட்டுக்கு வந்தால் 'நீ'. போனில் எது வருகிறது என்பதை வைத்தே பக்கத்தில் ஆள் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

"கேக்குது. செய்தி வந்துச்சா?"

"வந்துச்சு. கப்பலே ஆடுது, அலையில இல்ல, சந்தோஷத்துல. சமையல்காரர் அடுப்படியில பாட்டுப் பாடறாரு." குரல் தாழ்ந்தது. வரிசையிலிருந்து கொஞ்சம் திரும்பிக்கொண்டாள் போலிருக்கிறது. "நீ சந்தோஷமா இருக்கியா?"

"உங்கம்மா திரையெல்லாம் துவைச்சுப் போட்டிருக்காங்க. வெளியிலிருந்து பார்த்தா வீடு பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "வந்ததும் முதல்ல பாலம் வரைக்கும் நடக்கணும். கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தோமே, அந்த மாதிரி. இங்க எல்லாரும் படுக்கறதுக்கு முன்னாடி சாமி கும்பிடறாங்க. நான் அந்தப் பாலத்துல போய்ட்டு வருவேன். ஒரு தடவை, ரெண்டு தடவை. தூக்கம் வந்துடும்."

"நானும் போறேன்" என்றேன். "நிஜமாவே. தினமும் வேலை விட்டு வர்றப்ப."

"தனியாவா?"

"தனியாத்தான்."

நான்கு நிமிடம் முடிந்தது.

அடுத்த நாள் காலை ஞாபக பாட்டில் ஒன்றுக்கு மூடி தேவைப்பட்டது. என் அறையில் மூடிகளுக்கு இரண்டு இழுப்பறைகள் உண்டு. மேலே சுத்தமானவை. கீழே, சிவப்புப் பட்டை ஒட்டிய இழுப்பறையில், விஷம் தொட்டவை. மூடியின் அடிப்பாகம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அப்போதுதான் பாட்டிலின் கழுத்தில் இறுகும். பாதரச உப்பு அந்தச் சொரசொரப்புக்குள் புகுந்துகொண்டால் லேசில் வராது. விஷம் தொட்ட மூடி நாள் பாட்டிலுக்குப் போகவே கூடாது. வேறு வழியே இல்லை என்றால், சூடான அமிலத்தில் மூன்று முறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். அந்த விதியை எழுதி என் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

சிவப்புப் பட்டை இழுப்பறையைத் திறந்தேன். அது காலியாக இருந்தது. இருபத்து நான்கு குழிகள். ஒன்றிலும் மூடி இல்லை.

இழுப்பறையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

ஐந்து மாதத்துக்கு முன் அந்தக் கடைசி நாள். பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டது. நாள் பாட்டில் பெட்டிக்கு மட்டும் மூடிகள் பாக்கி. இருபத்து நான்கு மூடிகள், ஒவ்வொன்றையும் தேய்க்க இருபது நிமிடம். மூன்று மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள். "எட்டு மணி நேரம்" என்றேன். "நான் காலையில கப்பல் ஏறணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வற்புறுத்தவில்லை.

நான் சிவப்புப் பட்டை இழுப்பறையைத் திறந்து இருபத்து நான்கையும் அள்ளினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிகள் அமிலத்தில் ஒரு முறை ஊறின. இரண்டாவது முறைக்கு எடுத்தபோது அவள் திரும்பிச் சிரித்தாள். போதும், நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துடைத்துப் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து மூடினேன். பாலத்துக்கு நடந்தோம். போய்விட்டு வந்து, மனசு வராமல் மறுபடியும் போனோம். என் முப்பத்தெட்டு வயதில் அப்படியொரு சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை.

அந்த ஒரு பெட்டி மூடிகளைத்தான் அவள் முதல் சுற்று முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறாள். மூடியிலிருந்து கசிந்த விஷத்தில் பாசி செத்திருக்காது. ஆனால் கை கால் ஓய்ந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு சமைத்திருக்கும். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்ந்தது என் பாட்டிலுக்குள் இருந்த கடல்தான்.

இல்லை, அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். மாடிக்குப் போனேன்.

அக்கா பழைய இடங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நல்ல நேரத்துல வந்தே, இதைப் பாரு" என்றாள். "முதல் இடம். அங்க பாசி அப்பத்தான் பொங்க ஆரம்பிச்சிருக்கு. ஞாபக பாட்டிலை விட நாள் பாட்டில் ஜாஸ்தி காட்டணும். இங்கயும் மூணுல ஒண்ணு. ரெண்டாவது இடம், மூணுல ஒண்ணு. கத்தி வெச்சு வெட்டின மாதிரி. கடலுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்துப்பா வந்துச்சு?"

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"பாட்டில், மூடி எல்லாம் சரியாத்தானே அனுப்பினே?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான் என் வாயிலிருந்து வந்தது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப கடலுக்குத்தான் ஏதோ கோளாறு. ஒரு குறிப்பு எழுதி வெச்சுடறேன். சார் அதை அடுத்த மாசம்தான் படிப்பார்."

அடுத்த மாதம் அவள் வீட்டில் இருப்பாள். சீப்பு ஃபிரிட்ஜ் மேல் இருக்கும்.

கீழே வந்து சுடரைப் பற்றவைத்தேன். அணைத்தேன். மறுபடி பற்றவைத்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. கடல் இந்த வருஷம் கொஞ்சம் சோம்பலாக இருந்தது என்று ஒரு கட்டுரை வரும். யார் போய்க் கடலைக் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவள் பெயர் இருக்கும். ஈரக் கையோடு எழுதிய சீட்டுகள், காலை ஐந்து நாற்பது, அலை அதிகம், எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யைத் தாங்கி நிற்கும். அவள் அதை எங்கெங்கோ போய் மேடையில் நின்று படிப்பாள். நான் கீழே உட்கார்ந்து கை தட்டுவேன்.

அதற்கு மேல் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

தலைவர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். இழுப்பறை, மூடிகள், ஒரு முறை கழுவியது. பாலத்தைச் சொல்லவில்லை. "அவசரமா வீட்டுக்குப் போகணும்னு தோணிச்சு சார்" என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, இந்த எண்ணை எடுத்துக்கிட்டு நான் ஊர் ஊராப் போய்ப் பேசியிருப்பேன். தெரியுமா?"

"தெரியும் சார்."

"வேலை போயிடும்னு பயமா இல்லையா உனக்கு?"

"என் பயம் அது இல்ல சார்."

என் முகத்தையே பார்த்தார். அவருக்கு உறைத்தது. "நாப்பது நாள்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். "முட்டாள். எட்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாப்பது நாளைத் தொலைச்சிருக்கே. இருபத்து நாலு புது மூடி நாளைக்கு மதிய விமானத்துல போகணும். முடியுமா?"

"முடியும் சார்."

"கப்பலுக்கு நான் செய்தி அனுப்பிடறேன், ரெண்டாவது சுற்று உண்டுன்னு. ஏன்னு நான் எழுதட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் சார்."

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினைந்து மூடிகள். சனிக்கிழமை விடிந்ததும் வந்து மீதி ஒன்பது. தேய்க்கும் பொடியை நனைத்து, மூடியைக் கழுத்தில் வைத்துத் திருப்பி, எடுத்து, பார்த்து, மறுபடி திருப்பி. விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அமிலத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"புது மூடிக்கு ஒரு தடவை போதும்கா" என்றேன்.

"மூணு தடவை. நானே கழுவறேன். உனக்கு எண்ணறதுல கொஞ்சம் தகராறு இருக்கு." ஒவ்வொரு மூடியாக இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "என்கிட்ட 'ம்'னு சொன்னியே, அதுக்குத்தான் கோபம். மூடிக்கு இல்ல" என்றாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா."

"டீ வாங்கிக் கொடு. ஒரு வருஷத்துக்கு."

பெட்டி மதியம் போய்விட்டது. மூன்றரை மணிக்கு என் அறையில் போன் அடித்தது.

"என்ன ஆச்சு?" வரிசையின் சத்தம் பின்னால் கேட்டது. ஆனாலும் 'நீ' என்றுதான் ஆரம்பித்தாள். "என்ன ஆச்சு, நீ சொல்லு. ரெண்டாவது சுற்றுன்னு செய்தி வந்திருக்கு. காரணம் நீ சொல்வேன்னு எழுதியிருக்கார். உனக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தப்பு நான் பண்ணினது."

சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக, ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டேன். அந்த போனில் நாம் சொல்வது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியும் தாண்டிப் போனது.

"இருக்கியா?" என்றேன்.

"பெட்டி கட்டிட்டேன்" என்றாள். "நேத்தே கட்டிட்டேன். என் பெட்டி. செருப்பைக்கூட உள்ள வெச்சுட்டு வெறுங்காலோட சுத்திக்கிட்டிருக்கேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருப்பேன், இல்ல?"

"வந்திருப்பே."

"வந்து உன் பக்கத்துல உக்காந்து, அந்த எண்ணை வெச்சு எழுதியிருப்பேன்."

"ஆமா."

"ஒரு நாள் எனக்குத் தெரிஞ்சிருக்கும். உன் மூஞ்சி பொய் தாங்காது."

"ஆமா" என்றேன். "அன்னிக்கு நான் உன்கூடக் கிளம்பி வந்திருக்கவே கூடாது. பாலத்துக்கு வராம உக்காந்து மூடியைத் தேய்ச்சிருக்கணும்."

"அதை மட்டும் சொல்லாதே!" அவள் போட்ட சத்தத்தில் பின்னால் வரிசை அடங்கிப்போனது. "திட்டணும்னா நான் திட்டிக்கறேன். நீ பண்ணது பெரிய முட்டாள்தனம், என் அஞ்சு மாச உழைப்பு போச்சு. அந்த இருபத்து நாலையும் இப்பவே தனியா ஒதுக்கிக் கட்டி, மேல பெரிசா விஷம்னு எழுதி வைக்கறேன். ஆனா அந்தச் சாயங்காலம் என்னோடது. அதை நீ திருப்பி எடுத்துக்க முடியாது."

"சரி" என்றேன்.

"தண்ணி இன்னும் பச்சையா இருக்கு" என்றாள், வேறு குரலில். "நாங்க கிளம்பி வந்தப்ப வழி முழுக்கப் பச்சை. எனக்கு அப்பவே சந்தேகம். இவ்வளவு உயிரோட இருக்கறது எப்படி ஓய்ஞ்சுபோகும்னு. வீட்டுக்குப் போற ஆசையில நானும் கேக்கல. பாரு, நானும்தான் கேக்கல."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு நாலு நிமிஷம் பத்தாது."

போன் அடங்கியது.

வீட்டுக்கு நேராகத்தான் வந்தேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நடையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை?"

எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் பேசியவர், இப்போது பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம் அத்தை."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

"எனக்கு என் பொண்ணு வேணும் மாப்பிள்ளை."

"எனக்கும்தான் அத்தை."

ஐந்து மாதத்தில் நாங்கள் அதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மறுபடியும் படியில் உட்கார்ந்தார். நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். உள்ளே போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

ஆறு மணிப் பேருந்து தெருமுனையில் வந்து நின்றது. வேலை முடிந்தவர்கள் பையும் குடையுமாக இறங்கி, ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், கடைசி ஆள் இறங்கிக் கதவு மூடுகிறவரை நாங்கள் இருவரும் அந்தப் பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.